சிவப்புச் சுவர்

நுழையும்முன்

பெற்றோரின் பணி காரணமாக ஊர்விட்டு ஊர் செல்லும் நாம், 'எங்கள் வீடு' என்று எதனைச் சொல்கிறோம்? கேரளத்தின் தென்னெல்லையில், வாடகை வீட்டின் ஒரு சுவருக்கு நிறம் தீட்டிய தமிழாசிரியை ஒருவர் தம் அனுபவத்தைக் கூறுகிறார்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. உடலைப் பேணிய பிறகே பிற செயல்களில் இறங்க வேண்டும் என்று வகுப்பில் இதற்குப் பொருள் சொல்வேன். பணியிட மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்பவர்க்கோ இப்பழமொழி நேர்ப்பொருளிலேயே தைக்கும். எங்களுக்குச் சுவர் இருந்தது. அது பிறருடைய சுவர். 17 ஆண்டுப் பணியில் 5 வாடகை வீடுகளில் வாழ்ந்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றிலேனும் ஓர் ஆணி அடித்ததில்லை. நாட்காட்டியைக்கூட, முன்பு குடியிருந்தவர் விட்டுச்சென்ற ஆணியில்தான் மாட்டுவேன்.

ஐந்தாவது வீடு பாறசாலைக்கு அருகில் ஒரு சிற்றூரில் அமைந்தது. வடக்கே நெய்யாற்றின்கரை, தெற்கே களியக்காவிளை. களியக்காவிளையைத் தொட்டால் தமிழ்நாடு. பள்ளி திருவனந்தபுரத்தில் இருந்தது. ஆயினும் காலையும் மாலையும் இரயிலில் செல்வது என்று துணிந்து இவ்வூரைத் தேர்ந்தேன். சந்தையிலும் தேநீர்க் கடையிலும் தமிழ் காதில் விழும் என்பதே காரணம். கணவர் மதுரையில் பணியாற்றுகிறார். நானும் ஏழாம் வகுப்பில் பயிலும் மகளும் மட்டும் அவ்வீட்டில் இருந்தோம். மகள் என் பள்ளியிலேயே, என் வகுப்பிலேயே தமிழ் படித்தாள்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் 'எங்கள் வீடு' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவர் பலர் தாத்தா பாட்டி வாழும் வீட்டைப் பற்றி எழுதியிருந்தனர். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் பார்க்கும் திருநெல்வேலி வீடு, சேலத்து வீடு, அங்குள்ள கிணறு, மாட்டுத்தொழுவம் எல்லாம் அக்கட்டுரைகளில் இருந்தன. என் மகளோ இரண்டே வரிகள் எழுதியிருந்தாள்: "எங்களுக்கு வீடு இல்லை. வாடக வீடுதான் இருக்கிறது."

மலையாளத்தில் 'வாடக' என்றே அச்சொல் வழங்கும். அதனால் நேர்ந்த பிழை அது. 'வாடகை' என்று எழுத்தைத் திருத்தினேன். அந்த வாக்கியத்தைத் திருத்த எனக்கு வழி தெரியவில்லை.

அன்றிரவு அவளுடைய ஓவியங்கள் என் கண்ணில் பட்டன. முந்தைய ஊரில் வரைந்தவை அனைத்தும் சுருட்டி, கயிறு கட்டி, அலமாரியின் மேல் வைக்கப்பட்டிருந்தன. "இவற்றை ஏன் மாட்டவில்லை?" என்று கேட்டேன்.

"கழற்றும்போது சுவர் கெட்டுப்போகும் என்று நீங்கள்தானே அம்மா சொன்னீர்கள்?" என்றாள்.

நான் சொன்னது உண்மைதான். சற்று நேரம் கழித்து, "இந்த வீட்டில் ஒரு சுவரைத் தேர்ந்தெடு. நீ விரும்பும் நிறத்தைத் தீட்டுவோம்" என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

அறையின் மூன்று சுவர்களை வெண்மையாக விட்டு, ஒன்றுக்கு மட்டும் அழுத்தமான நிறம் தீட்டுவது இக்கால வழக்கம். 'ஆக்சென்ட் வால்' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இதற்கு எந்தச் சுவரும் பொருந்திவிடாது. வாயிலில் நுழைந்ததும் கண் சென்று தங்கும் சுவராக இருத்தல் வேண்டும். கதவும் சன்னலும் குறுக்கிடாமல் இருத்தல் நன்று. அழுத்தமான நிறம் ஒளியை உட்கொள்ளும். வெண்சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆகையால் நான்கு சுவர்களுக்கும் அடர்நிறம் தீட்டினால் சிறிய அறை இருண்டுவிடும். ஒன்றுக்குத் தீட்டினால் அந்நிறம் அறைக்கே முகம் போல அமையும். மகள் கூடத்தின் மேற்குச் சுவரைத் தேர்ந்தாள்.

வீட்டுக்காரரின் இசைவு வேண்டுமே! பின்கட்டில் வாழ்ந்த அவ்வீட்டு உரிமையாளர் முதிய பெண்மணி. ஊரார் போல நாங்களும் அவரை அம்மச்சி என்றே அழைப்போம். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அம்மச்சி என்னைக் கேட்டது வேறொன்று: "என்ன நிறம் டீச்சரே? காவியா?"

அம்மச்சி பிறந்த ஊர் குழித்துறைக்கு அருகில் உள்ளது. அவருடைய தந்தையார் ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார். வெளிச்சுவரின் அடியில் இரண்டு முழ உயரத்துக்குக் காவிப்பட்டை தீட்டுவார். மழைநாளில் தெறிக்கும் செம்மண் அதில் தெரியாது. உள்ளே, வாயிலுக்கு நேரான சுவர் முழுவதும் காவி. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரைச் சேர்ந்த தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அம்மச்சிக்கு அப்போது எட்டு வயது. பின்னாளில் அவர் திருமணமாகி வந்த வீடு எல்லைக்கு இப்பால் அமைந்தது.

"கோடு போட்டாங்க. அப்பா அந்த வருசப் பொங்கலுக்கும் காவி அடிச்சாரு" என்று மட்டும் சொன்னார் அம்மச்சி. பிறகு எழுந்து தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஓண விடுமுறையில் மகளைத் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துச் சென்றேன். திருவனந்தபுரத்திற்கு முன்பு திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய இடம் அது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். அதனைப் பேணுவது கேரள அரசின் தொல்லியல் துறை. உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களில் பழைய ஓவியங்கள் உள்ளன. நாங்கள் சென்ற அன்று அங்கே ஏற இயலவில்லை. மகள் முகம் வாடியது. கண்ணாடி போல் மின்னும் கருந்தரையில் அமர்ந்து, அவ்வோவியங்கள் உருவாகும் முறையை அவளுக்குச் சொன்னேன்.

கேரளச் சுவரோவிய மரபில் ஐந்து நிறங்களே முதன்மை. மஞ்சளும் சிவப்பும் காவிக்கற்களிலிருந்து வரும். அவுரிச் சாற்றோடு ஒருவகை மஞ்சள் மரப்பிசினைக் கலந்து பச்சை உண்டாக்குவர். எண்ணெய் விளக்கின் புகைக்கரி கறுப்பைத் தரும். வெண்மைக்குத் தனிச்சாயம் இல்லை. சுண்ணாம்புச் சுவரே வெண்மை. இளநீர் கலந்த சுண்ணாம்பை 25 முறைக்கு மேல் பூசி அச்சுவரைப் பக்குவப்படுத்துவார்கள். நிறம் சுவரில் ஒட்டிக்கொள்ள வேப்பம்பிசினைச் சேர்ப்பார்கள்.

மகள் விரல் மடக்கி எண்ணினாள்: "மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை. மலையாளத்தில் மஞ்ஞ, சுவப்பு, பச்ச, கறுப்பு, வெள்ள. ஐந்தும் ஏறத்தாழ ஒன்றுதானே அம்மா?" 'சுவர்' என்னும் சொல்லும் இரு மொழிக்கும் பொதுவே என்றேன். பேருந்தில் திரும்பும் வழியில் அவள் முடிவு செய்துவிட்டாள். சிவப்பு.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை. ஐப்பசி மாதத்தில், துலாவர்ஷம் என்று இங்கு கூறும் மழைக்காலத்தில், கடையில் ஆயத்தமாகக் கிடைத்த செந்நிற எமல்ஷன் பெயிண்டை வாங்கிவந்து ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடித்து முடித்தோம். சுவர் அழகாகத்தான் இருந்தது. மூன்று வாரங்களில் அதன் மேல் கொப்புளங்கள் எழுந்தன. அடிப்பகுதியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தது. பின்பு நிறம் தோல் போல உரிந்து விழுந்தது. மகள் ஒன்றும் பேசவில்லை. விழுந்த துண்டுகளைப் பெருக்கி எடுத்து வெளியே கொட்டினாள். 'நமக்கு இதெல்லாம் நிலைக்காது' என்று அவள் எண்ணிவிடுவாளோ என அஞ்சினேன்.

களியக்காவிளைப் பக்கத்திலிருந்து வந்த மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "இது பழைய சுண்ணாம்புச் சுவரு டீச்சரே. இதுக்கு மூச்சு விடணும். நீங்க மழையில வாயைக் கட்டிட்டிய. தை பிறக்கட்டு, பாப்போம்" என்றார்.

அவர் சொன்னதன் உண்மை இதுதான். பழைய சுவர்கள் மண்ணிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியாக வெளியேறிவிடும். எமல்ஷன் பெயிண்ட் காய்ந்ததும் ஒரு மெல்லிய ஏடாகச் சுவரை மூடிக்கொள்ளும். வெளியேற வழியற்ற ஈரம், தன்னோடு சுவரின் உப்பையும் கொண்டுவந்து அவ்வேட்டைத் தள்ளும்.

தை வரை காத்திருந்தோம். அறுவடை முடிந்த வயல்களில் வெயில் நன்றாக ஏறிய பின் மேஸ்திரி வந்தார். உரிந்த நிறத்தைச் சுரண்டி எடுத்தார். உப்புத்தாள் கொண்டு தேய்த்தார். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒரு பூச்சுக் காய்ந்தபின் மறுபூச்சாக மூன்று முறை அடித்தார். பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்ல மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக இறுகும். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுடும் என்பதால் அவ்வேலையில் மகளைச் சேர்க்கவில்லை. காவிப்பொடியைக் குழைப்பது மட்டும் அவள் பணி. ஊறவைத்த வேப்பம்பிசின் நீரில் அதனை அம்மச்சி பார்த்துப் பார்த்துக் கட்டியில்லாமல் குழைக்கச் செய்தார். காவியின் செம்மைக்குக் காரணம் இரும்பு. அது வெயிலில் வெளுப்பதில்லை; சுண்ணாம்போடு சேர்ந்தாலும் மாறுவதில்லை. நம் கோயில் மதில்களில் காவிப்பட்டை நெடுங்காலம் நிறம் குன்றாமல் இருப்பது இதனால்தான்.

மறுநாள் மாலை சுவர் காய்ந்தது. மகள் அருகில் நின்று, "இதில் ஒன்றும் வரைய வேண்டாமா?" என்று கேட்டாள்.

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை எனக்கு நினைவு வந்தது. நக்கீரர் அதில் பாண்டிமாதேவியின் அறையை வருணிக்கிறார். வெள்ளியைப் போல ஒளிரும் சுதை. நீலமணியைப் போலக் கருத்த தூண்கள். செம்பினால் செய்தது போன்ற உறுதியான நெடுஞ்சுவர். அச்சுவரில் பல பூக்களைக் கொண்ட ஒரே ஒரு கொடி எழுதப்பட்டிருக்கிறது. அரசன் போர்ப்பாசறையில் இருக்கிறான். அரசி அவ்வறையில் அவன் வரவை நோக்கிக் காத்திருக்கிறாள்.

"அப்பா மதுரையில் இருப்பது போலவா?" என்றாள் மகள். அவள் அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஆம்" என்றேன்.

அந்த ஒற்றைக் கொடியையே அவள் வரைந்தாள். தரையில் தொடங்கிச் சுவரின் வலப்புறம் ஏறும் கொடி. அதில் வெண்சுண்ணாம்பால் பூக்கள். பழந்தமிழில் ஓவியம் தீட்டுவதையும் 'எழுதுதல்' என்றே குறிப்பர் என அவளுக்குச் சொன்னேன். 'கண்ணெழுதுதல்' என்று கண்ணுக்கு மை தீட்டுவதை நாமும் சொல்கிறோம், மலையாளிகளும் சொல்கின்றனர். அம்மச்சி அன்று முதல் மாலைதோறும் எங்கள் கூடத்திற்கு வந்து அச்சுவருக்கு எதிரே அமரத் தொடங்கினார். பேச்சு பெரும்பாலும் விலைவாசியைப் பற்றியதாகவே இருக்கும். அலமாரியின் மேலிருந்த ஓவியங்களும் இறங்கி வந்தன. மற்ற மூன்று சுவர்களிலும் ஆணி அடித்து மாட்டினோம்.

சுவரின் அடியில் ஓதம் இன்னும் சிறிது காக்கிறது. அடுத்த தையில் அவ்விடத்தில் மீண்டும் பூச வேண்டும். அதற்குள் எனக்கு மாற்றல் ஆணை வரலாம். "வந்தால் இந்தச் சுவரை என்ன செய்வது?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். சுவரை எடுத்துச் செல்ல முடியாது என்றேன். அவள் சிறிது யோசித்தாள். பின்பு ஓர் ஏட்டை எடுத்து, சுண்ணாம்பு எத்தனை பூச்சு, காவிப்பொடி எவ்வளவு, பிசின் எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என அம்மச்சியிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டாள்.

பங்குனியில் ஆண்டுத் தேர்வு வந்தது. கட்டுரைத் தலைப்புகளுள் 'எங்கள் வீடு' மறுபடியும் இடம்பெற்றிருந்தது. மகளின் விடைத்தாள் இரண்டு பக்கங்களுக்கு நீண்டது. அதன் முதல் வரி: "எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு சுவர் இருக்கிறது."

'சிவப்பு' என்பதற்கும் 'சுவர்' என்பதற்கும் இடையே வல்லெழுத்து மிகும். அவள் ஒற்றை விட்டுவிட்டாள். சிவப்பு மையால் ஒரு 'ச்' சேர்த்துவிட்டு, அடுத்த வரியைப் படித்தேன்.

சொல்லும் பொருளும்

உப்பரிகை – மேல்மாடம்
அவுரி – நீலச்சாயம் தரும் செடி
ஓதம் – சுவரில் காணும் ஈரக்கசிவு
நீற்றுதல் – சுட்ட கிளிஞ்சலில் நீர் சேர்த்துச் சுண்ணாம்பாக்குதல்
சுதை – சுண்ணச்சாந்து
பாசறை – போர்க்காலத்தில் படை தங்குமிடம்

எண்ணிப் பார்த்து எழுதுக

1. ஆசிரியை எழுத்துப் பிழையைத் திருத்திய பின்னும் எதனைத் திருத்த இயலவில்லை? ஏன்?
2. முதலில் அடித்த நிறம் உரிந்ததற்கும், காவி நிலைத்ததற்கும் உரிய காரணங்களை விளக்குக.
3. அம்மச்சி தம் தந்தையாரைப் பற்றிச் சொன்ன ஒரு வரியிலிருந்து நீங்கள் உணர்வது என்ன?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் பிறந்த வீட்டுச் சுவருக்கு எவ்வாறு நிறம் தீட்டினார்கள் எனக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.