இந்த வீட்டுக்காரங்க எங்க? - 'ஸ்டால்கர்' விளையாடினதுக்குப் பிறகு சில யோசனைகள்

ஹொரர் கேம் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது திடீரென்று திரையில் பாய்கிற ஒரு முகமும் காதைப் பிளக்கிற சத்தமும்தான். 'ஸ்டால்கர்: ஷேடோ ஒஃப் செர்னோபில்' அந்த வேலையைக் கொஞ்சமாகத்தான் செய்யுது. அதிகமான நேரம் அதில் ஒன்றுமே நடப்பதில்லை. நீங்கள் நடந்து போவீங்க. தூரத்தில் நாய் குரைக்கும். காற்றடிக்கும். கையிலுள்ள கருவி கதிர்வீச்சுக்கு 'டிக் டிக்' என்று சத்தம் போடும். அவ்வளவுதான், ஆனாலும் முதுகு சில்லிட்டுப் போகும்.

கற்பிட்டிக் கரையில் ஆலங்குடாப் பக்கம் இருக்கிற நாங்க நாலு பேர், ஒரே ஒரு பழைய லேப்டாப்பில் மாறி மாறி இதை விளையாடி முடித்தோம். 2007இல் வந்த கேம் என்பதால் அந்த மெஷினிலும் ஓடுது. எங்களில் ரெண்டு பேர் கற்பிட்டியையே பூர்வீகமாகக் கொண்டவங்க. மற்ற ரெண்டு பேரின் குடும்பங்களும் 1990இல் மன்னாரிலிருந்து வந்தவை. இதை ஏன் சொல்றோம் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் கேமைப் பற்றி. உக்ரேனின் கீவ் நகரத்தில் அப்போது இருந்த ஜி.எஸ்.சி. கேம் வேர்ல்ட் என்ற நிறுவனம் செய்தது. 2001இல் அறிவித்த கேம், வெளியாக 2007 மார்ச் ஆகிவிட்டது. அதற்குப் பின்னால் ரெண்டு படைப்புகள் நிற்கின்றன: ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் எழுதி 1972இல் வெளியான 'ரோட்சைட் பிக்னிக்' நாவல், அதை வைத்து தார்கோவ்ஸ்கி 1979இல் எடுத்த 'ஸ்டால்கர்' படம். இந்தக் கதைகளில் வருகிற 'சோன்' என்ற தடைசெய்யப்பட்ட பிரதேசத்தை எடுத்து, 1986 ஏப்ரல் 26இல் அணு உலை வெடித்த செர்னோபில்லின் மேல் வைத்துவிட்டார்கள். கேமின் கற்பனையில் 2006இல் அங்கே இரண்டாவதாக ஒரு வெடிப்பு நடக்குது. அதற்குப் பிறகு அந்த நிலத்தில் இயற்கையின் சட்டங்களே குழம்பிப் போகின்றன.

குழம்பின இடங்களுக்கு 'அனோமலி' என்று பெயர். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. காற்றில் ஒரு சின்ன நெளிவு, தரையில் சுழலும் சருகு, அவ்வளவுதான் அடையாளம். காலை வைத்தால் உடம்பு துண்டு துண்டு. அதனால் ஒரு இரும்பு போல்ட்டை முன்னால் எறிந்து பார்த்து, பாதை இருக்கா என்று தெரிந்துகொண்டுதான் நடக்கணும். நாவலிலிருந்து வந்த யோசனை இது. துப்பாக்கி கேமில் நாங்க அதிகமாகப் பயன்படுத்தின சாமான் இந்த போல்ட்தான் என்று சொன்னால் நம்புவீங்களா?

பயம் வேலை செய்வது இப்படித்தான். மற்றக் கேம்களில் ஆயுதம் கையில் வந்ததும் தைரியம் வந்துவிடும். இங்கே ஆயுதத்தால் சுட முடியாத விசயங்கள்தான் அதிகம். அக்ரோப்ரொம் சுரங்கத்துக்குள் இறங்கும்போது டோர்ச் வெளிச்சம் விழுகிற வட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. அந்த வட்டத்துக்கு வெளியே யாரோ மூச்சு விடுகிற சத்தம். 'பிளட்சக்கர்' என்ற ஜந்து உருவத்தை மறைத்துக்கொண்டு சுற்றும், கண்கள் மட்டும் மின்னும். எக்ஸ்-18 ஆய்வுகூடத்தில் பெட்டிகளும் பீப்பாய்களும் தானாக எழும்பிப் பறக்கும். அந்த இடத்தில் எங்களில் ஒருத்தன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, "மிச்சத்தை நீ விளையாடு" என்று எழும்பிப் போயிட்டான்.

2022இல் ராவும் பகலும் கரண்ட் போன மாதங்களில், பெட்டரி தாங்குகிற அளவுக்கு மட்டும் விளையாடினோம். வெளியே சோளகக் காற்று தென்னையைப் போட்டு உலுப்பும். எது கேமின் காற்று, எது எங்கட காற்று என்று தெரியாது. நிலக்கரிக்கும் அணு உலைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் திரையில் செர்னோபில்லின் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தால், நுரைச்சோலையின் புகைபோக்கி நிற்கும். எங்கட ஊருக்கு இந்தக் கேம் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு அது ஒரு காரணம்.

அதோடு ஒரு ஆறுதலும் இருக்குது. பயங்கரமான ஒரு நடைக்குப் பிறகு கேம்ப்ஃபயரைச் சுற்றி நாலு ஸ்டால்கர்கள் உட்கார்ந்திருப்பாங்க. ஒருத்தன் கிட்டார் வாசிப்பான், இன்னொருத்தன் பகிடி சொல்லுவான், பாஷை விளங்காது. ஆனாலும் போகாமல் அங்கேயே நிற்கத் தோணும்.

இனி குறைகள். சின்னவற்றிலிருந்து வருவோம். தொடக்கத்தில் தருகிற கைத்துப்பாக்கி பத்தடி தூரத்தில் நிற்கிறவனுக்கும் படாது. பக்க வேலைகள் ஒரே மாதிரி: காட்டுப்பன்றியைக் கொல்லு, முகாமைக் காப்பாற்று, சாமானைக் கொண்டு வா. எல்லாத்துக்கும் கெடு. நீங்கள் வேறெங்கோ இருக்கும்போதே 'தோல்வி' என்று செய்தி வரும். துப்புரவு செய்த இடத்தில் கொஞ்ச நேரத்திலேயே திரும்பவும் கொள்ளைக்காரங்க முளைப்பாங்க. கடைசிப் பகுதியில், அணுமின் நிலையத்துக்குள், அதுவரை இருந்த சுதந்திரம் முழுக்கப் போய், சுட்டுக்கொண்டே ஓடுகிற சாதாரண ஷூட்டராக மாறிவிடுது. போல்ட் எறிந்து மெதுவாக நடக்கப் பழக்கின கேம், முடிவில் "ஓடு, சுடு" என்று துரத்துவது சரியில்லை.

பெரிய குறையை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்களில் ஒருத்தனுடைய மூத்தம்மா காட்டித் தந்தார்.

ஒருநாள் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். நாங்க கைவிடப்பட்ட ஒரு வீட்டுக்குள் புகுந்து, பெட்டிகளை உடைத்து, பாணும் மருந்தும் தோட்டாவும் பொறுக்கிக்கொண்டிருந்தோம். கூரை பாதி விழுந்த வீடு. மூலையில் அடுப்பு, சுவரோரம் இரும்புக் கட்டில்.

"இது யார்ட வீடு மகன்?"

"யாரும் இல்ல மூத்தம்மா. விட்டுட்டுப் போன வீடு."

"விட்டுட்டுப் போனா யாரும் இல்லயா? இந்த வீட்டுக்காரங்க எங்க?"

நாங்க பதில் சொல்லவில்லை. கேமிலும் பதில் இல்லை.

தெரியாதவங்களுக்காகச் சொல்றோம். 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, சுமார் 75,000 பேரை, வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் ரெண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து நிறையப் பேர் வள்ளங்களில் இந்தக் கற்பிட்டிக் கரையில்தான் வந்து இறங்கினாங்க. புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்து விட்டாங்க. பிறகு கிடுகுக் கொட்டில்கள், பிறகு கல்வீடுகள். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் 'அகதிப் பிள்ளை' என்று கூப்பிடுகிற வழக்கம் வகுப்பறைகளில் கனகாலம் இருந்தது. எங்கட நாலு பேருக்குள்ளேயும் அந்தச் சொல் ஒரு தடவை வந்து, மூணு மாசம் கதைக்காமல் இருந்திருக்கிறோம்.

ப்ரிப்யாத் நகரத்தின் கதை வேறு. அங்கே 1986 ஏப்ரல் 27இல், கிட்டத்தட்ட 49,000 பேரைக் காப்பாற்றுவதற்காகத்தான் பஸ்களில் ஏற்றினாங்க. மூணு நாளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாங்க. காரணங்கள் ஒன்றல்ல, ரெண்டையும் ஒரே தராசில் வைக்க நாங்க வரவில்லை. ஆனால் அடுப்பில் வைத்த பானையும் கொடியில் காய்ந்த துணியும் ரெண்டு இடத்திலும் ஒன்றுதான். 'கொஞ்ச நாளில் திரும்பிடலாம்' என்று நினைத்ததும் ஒன்றுதான்.

கேமைச் செய்தவங்க உண்மையான சோனுக்குப் போய், படமெடுத்து, கட்டடங்களை அப்படியே வடித்திருக்கிறாங்க. சுவரில் பூச்சு உரிந்திருப்பது வரைக்கும் சரியாக இருக்கும். ஆனால் அந்தச் சுவருக்குள் வாழ்ந்தவங்களைப் பற்றி ஒரு கடிதமோ ஒரு பெயரோ எங்கட கண்ணில் படவில்லை. கேம் முழுக்க ஒரு பெண்ணைக்கூட நாங்க சந்திக்கவில்லை. உண்மையில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் சோனுக்குள் இருக்கிற தங்கட கிராமங்களுக்கே திரும்பிப் போனாங்க. அதில் கடைசிவரை நிலைத்து நின்றவங்களில் அதிகமானோர் வயதான பெண்கள். உருளைக்கிழங்கு நட்டு, கோழி வளர்த்து, அந்த மண்ணிலேயே இருந்தாங்க. அப்படி ஒரு கிழவி கதவைத் திறந்து "யார்ட வீட்டுக்குள்ள வாறாய்?" என்று கேட்டிருந்தால், எந்த பிளட்சக்கரை விடவும் அது எங்களை உலுக்கியிருக்கும்.

ஆளில்லாத வீடு ஏன் பயமாக இருக்குது என்று இப்ப யோசிக்கிறோம். உள்ளே ஏதோ ஒளிந்திருக்கலாம் என்ற பயம் ஒன்று. ஷூட்டர் கேம்களுக்கு அது நல்லாத் தெரியும். இங்கே இருந்தவங்களுக்கு என்ன நடந்தது என்ற பயம் இன்னொன்று. 'ஸ்டால்கர்' இந்த இரண்டாவது பயத்தின் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகுது. பிறகு கையில் ஒரு துப்பாக்கியைத் தந்து, அலுமாரியைத் தேடச் சொல்லுது.

2009க்குப் பிறகு முசலிப் பக்கம் காணி பார்க்கப் போன குடும்பங்கள் பார்த்தது காட்டை. வீடு இருந்த இடத்தில் மரம். கிணற்றை வைத்துத்தான் வளவை அடையாளம் பிடித்தாங்க. துப்புரவாக்கப் போனால் காடழிப்பு என்ற குற்றச்சாட்டும் வந்தது. கேமில் சுவரைப் பிளந்து வளர்ந்த மரத்தைப் பார்த்து நாங்க "என்ன அழகு!" என்று ஸ்க்ரீன்ஷொட் எடுத்தோம். அழகுதான், மறுக்கவில்லை. அந்தச் சுவரைக் கட்டின கை யாருடையது என்ற கேள்வியும் கூடவே நிற்குது.

2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் செர்னோபில் வழியாகவும் உக்ரேனுக்குள் நுழைந்தன. கேமைச் செய்த நிறுவனத்தின் ஒரு பகுதி ப்ராக் நகரத்துக்கு இடம்பெயர்ந்தது. வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது என்றால் என்ன என்று இப்ப அவங்களுக்கும் தெரியும். அப்படிப் போனவங்க முடித்த இரண்டாம் பாகம் 2024 நவம்பரில் வந்தது. எங்கட மெஷினில் அது ஓடாது. யாராவது விளையாடியிருந்தால் ஒரு விசயம் மட்டும் சொல்லுங்க: அந்த வீடுகளில் இப்பவாவது யாராவது இருக்கிறாங்களா?

முதல் பாகத்தை விளையாடச் சொல்லுவோமா என்றால், கட்டாயம் சொல்லுவோம். ராவில், ஹெட்ஃபோன் போட்டு, அவசரப்படாமல். வயசானவங்க யாராவது பின்னால் வந்து நின்றால் திரையை மூடாதீங்க. கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்க.