நின்னா யார் தொடுவா?

பழைய வண்டி பார்க்கப் போனால் கண் முதலில் டேங்கின் பளபளப்புக்குத்தான் போகும். கை போகவேண்டிய இடம் வேறு. என்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வந்து சேர்வதற்கு முன்பே யாரோ ஸ்டார்ட் செய்து ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஊர்க்கதை பேசி, ஆறும்வரை காத்திருப்பதுதான் சரி. ராத்திரி முழுக்க நின்ற என்ஜின் காலையில் முதல் தடவை உயிர்பெறும்போதுதான் விஷயம் தெரியவரும். எத்தனை உதைக்குப் பிடிக்கிறது, சைலன்சரில் நீலப் புகை தலைகாட்டுகிறதா, டேப்பெட் சத்தம் போகப்போக அடங்குகிறதா, கூடுகிறதா. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். கறுப்புப் புகைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பெட்ரோல் அதிகமாகப் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டரைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

இதெல்லாம் மெக்கானிக் பாய் சொன்னது. திண்டுக்கல்லில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கடை இருந்தது. கடை என்றால் ஒரு தகரக் கூரை, அதன் கீழே மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறும் சாமான்கள், விரித்த பழைய பேப்பரின்மேல் பிரித்த வரிசை மாறாமல் அடுக்கிய போல்ட்டுகள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை என்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் கடைப் பையன்கள்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவார்கள். கல்லூரி முடித்து வேலைக்குப் போன புதிதில், ஊர் ஊராகச் சுற்ற ஒரு வண்டி வேண்டும் என்று அவரிடம் போய் நின்றேன். என்ன வேகம் போகும், எத்தனை குதிரைச்சக்தி என்று நான் அடுக்கியதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஓடுறப்ப எல்லா வண்டியும் நல்ல வண்டிதான் தம்பி. நின்னா யார் தொடுவா? அதை மொதல்ல சொல்லு."

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எங்கள் பக்கத்தில் இருந்த பதில் புல்லட். மாமாவிடம் ஒன்று இருந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டி அது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மற்ற வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஏறினால் முதல் திருப்பத்திலேயே திணறிப்போவார்கள். அதை ஸ்டார்ட் செய்ய மாமாவுக்கு ஒரு முறை உண்டு. சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டர் முள்ளையே பார்ப்பார். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்தபடி கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வர, பாயிண்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். அங்கே லீவரை விட்டு, காலை மேலே எடுத்து, முழு உடம்பையும் ஊன்றி ஒரே உதை. முள்ளைப் பார்க்காமல் அவசரப்பட்டு உதைத்தவனைக் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கிவிடும்.

பாம்பன் சாலைப் பாலம் 1988-ல் திறந்த பிறகு மாமாவும் அத்தையும் அந்த வண்டியிலேயே ராமேஸ்வரம் போய்வந்தார்கள். அதுவரை மண்டபத்தில் இறங்கி ரயிலைப் பிடித்தால்தான் தீவு. பாலத்தின் உச்சியில் பக்கவாட்டில் அடித்த காற்றுக்கு வண்டி அசையவே இல்லை என்று அத்தை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா பெருமைப்பட்டது வேறொன்றுக்கு. கிளம்புவதற்கு முன்பே ஒரு புது கிளட்ச் கேபிளை, ஓடுகிற கேபிளோடு ஒட்டி, டேங்குக்கு அடியில் சேர்த்தே கட்டியிருந்தார். வழியில் அறுந்தால் இரண்டு முனையை மாற்றி மாட்டினால் போதும். "பரமக்குடியில அறுந்துச்சு மாப்ள, டீ ஆறுறதுக்குள்ள மாட்டிட்டேன்" என்பார்.

பக்கத்து வீட்டில் ஒரு எஸ்டி ரோட்கிங் இருந்தது. இரண்டு சைலன்சர், இரண்டு ஸ்ட்ரோக், அதன் சத்தம் கேட்டாலே தெருப் பையன்கள் வெளியே ஓடிவருவோம். ஓட்டத்தில் புல்லட்டைவிட அதுதான் எனக்குப் பிடித்திருந்தது, இன்றும் பிடிக்கும். ஆனால் 1996-ல் மைசூர் ஆலை மூடியதும் சாமான் கிடைப்பது கஷ்டமாயிற்று. அந்த வீட்டு அண்ணன் ஒரு பொருளுக்காகச் சென்னை ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, அங்கே இல்லாமல் புதுப்பேட்டையில் பழசு வாங்கி வந்தார். பிரியமாக வைத்திருந்தார், பக்கத்து ஊருக்கு மட்டும் ஓட்டினார். தூரப் பயணத்துக்குப் பஸ்ஸில் போனார். புல்லட்டுக்கோ உளுந்தூர்பேட்டையிலும் ஆள் உண்டு, ஊத்தங்கரையிலும் ஆள் உண்டு.

நான் வெகுநாள் கழித்து வாங்கியது தண்டர்பேர்ட், செகண்ட் ஹேண்டில். 2012-க்குப் பிந்தைய மாடல், 20 லிட்டர் டேங்க். திண்டுக்கல்லில் நிரப்பினால் கன்னியாகுமரி போய்ச் சேரும்போது ஏறக்குறைய பாதி மிச்சம் இருக்கும். அதற்கு முன் கரூரில் ஒன்று பார்த்தோம். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகத்தான் இருந்தது. பாய் மீட்டரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பிரேக் பெடலின் ரப்பரைத் தடவினார். வரி இல்லாமல் வழவழவென்று இருந்தது. ஃபுட்ரெஸ்ட் ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். நேர்கோட்டுக்கு வந்த இடத்தில் கடக்கென்று ஒரு சின்னப் பிடிப்பு. கோன்செட்டில் குண்டுகள் பள்ளம் போட்டிருக்கின்றன. நேர்ரோட்டில் வெகுதூரம் ஓடிய, குழியிலும் நிறைய விழுந்த வண்டி. "நல்லா வச்சிருக்கீங்க, யோசிச்சுச் சொல்றோம்" என்று விற்பவரிடம் கைகூப்பிவிட்டு வந்துவிட்டார். எவ்வளவு தேய்ந்த வண்டியானாலும் சொந்தக்காரர் முன்னால் குறை சொல்ல மாட்டார். அது அவருடைய குணம்.

பாய் சொல்லிக்கொடுக்காத ஒன்று 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தெரிந்தது. சென்னையில் தண்ணீரில் மூழ்கிய வண்டி ஒன்று, கழுவித் துடைத்து மெருகேறி, பாதி விலைக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தது. சீட்டைக் கழற்றி வயரிங் கப்ளர் ஒன்றைப் பிரித்தேன். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு. மறுபடி மாட்டி வைத்துவிட்டேன். என்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம், வயருக்குள் போன உப்பு எந்த ஊரில், எந்த ராத்திரியில் விளக்கை அணைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதேபோல லடாக் போய்வந்த வண்டி என்று பெருமையாகச் சொன்னால், பின்சீட்டுக்கு அடியில் கேரியர் மாட்டிய இடத்தைப் பாருங்கள். பாரம் தாங்கிய ஃப்ரேமில் வெல்டிங்கைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால், அந்த வண்டி தன் பங்குக்கு உழைத்து முடித்துவிட்டது.

போன வருடம் அண்ணன் மகள் ஒரு பழைய வண்டி பார்த்துத் தரச் சொல்லிக் கேட்டாள். கோவையில் வேலை. வால்பாறை, வயநாடு, கோகர்ணம் என்று அவளிடம் ஒரு பட்டியல் இருந்தது. "ஹிமாலயன் நல்லா இருக்கும்ல சித்தப்பா?" நல்ல வண்டிதான். ஆனால் பழைய மாடலுக்குச் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். அவளுக்குக் கால்விரல்தான் எட்டியது. மீட்டியோர் 350-க்கு 765. ஏறி உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் பதித்ததுமே அவள் முகம் மாறியது. எனக்குச் சக்கரம்தான் முக்கியமாகப் பட்டது. ஸ்போக் சக்கரத்தில் டியூப் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசிக்கு நடுவே, காட்டுக்குள், தனியாக ஒரு பெண் அதைச் செய்துகொண்டிருக்க வேண்டாம். மீட்டியோருக்கு அலாய் வீல், டியூப்லெஸ் டயர். திரியைச் செருகிக் காற்றடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். மண் ரோடும் மலைப்பாதையுமாகவே சுற்றுகிறவர்களுக்கு இதே கணக்கு நேர்மாறாகும். அவள் பட்டியலில் எல்லாம் தார் ரோடு.

சேலத்தில் ஒன்று கிடைத்தது. 2021 மாடல், சிங்கிள் ஓனர். ஏற்காடு ரோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மேட்டில் மேல் கியரில் ஆக்சிலேட்டரைத் திருகினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் போயிற்று என்று அர்த்தம். அப்படி ஒன்றும் இல்லை. திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கச்சுவரில் 4520 என்று இருந்தது. 2020-ன் 45-ஆவது வாரத்தில் செய்த டயர். "டயர் ரெண்டும் மாத்தணும்ண்ணே, அதைக் குறைச்சுக்குங்க" என்று அவளே பேசினாள். விற்பவர் குறைத்தார்.

ஆர்.சி.யில் லோன் பதிவு நீங்கவில்லை. கடன் கட்டி முடித்துவிட்டேன், பேப்பர் அப்புறம் வரும், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. இருந்தாலும் பாங்க்கின் தடையில்லாச் சான்றும் லோன் பதிவை நீக்குவதற்கான, கையெழுத்தான பாரம் 35-ம் வராமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம் என்றேன். முன்பணத்துக்கு ரசீது வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். பேப்பர் வந்த பிறகு உரிமை மாற்றத்துக்கான 29, 30 இரண்டு பாரத்திலும் கையெழுத்து, 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பம் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பாய் இப்போது இல்லை. அதே சந்தில் அவர் மகன் கடை வைத்திருக்கிறார், லேப்டாப்பும் உண்டு, நீள ஸ்க்ரூடிரைவரும் உண்டு. வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, பின் பிரேக் பேடு மாற்ற வேண்டும், செயின் கொஞ்சம் தொய்வு, மற்றபடி பயமில்லை என்றார். "ஞாயித்துக்கிழமை எடுத்துக்கங்கம்மா. வால்பாறைக்குப் போறதுன்னா ஆழியார்லயே பெட்ரோல் பார்த்துக்கங்க." அவள் போனில் குறித்துக்கொண்டாள்.