கொலையும் கொடையும்

துப்பறியும் கதைகளில் ஒரு வகை உண்டு. கொலை நடக்கும், யாரும் பெரிதாகப் பதறுவதில்லை. பிணத்தை அப்புறப்படுத்துவதற்குள் பேச்சு, குற்றவாளி யார் என்பதற்குத் திரும்பிவிடும். சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள், காவல்துறையைச் சேராத ஒரு கூர்மதியாளர், கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் நீளும் ஒரு விரல். ஆங்கிலத்தில் 'கோஸி' எனப்படும் இவ்வகையைத் தமிழில் 'இதமான கொலைக்கதை' என்று சொல்லிப் பார்க்கலாம். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் வழியாக நம் வாசகர்களும் இதை அறிவார்கள். தொலைக்காட்சியில் இதன் பெரிய வெற்றி, 1984 முதல் 1996 வரை 264 அத்தியாயங்கள் ஓடிய 'மர்டர், ஷி ரோட்' என்னும் அமெரிக்கத் தொடர். ஏஞ்சலா லான்ஸ்பரி அதில் ஜெஸிகா ஃப்ளெட்சராக வந்தார். கணவனை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, துப்பறியும் நாவலாசிரியை, எங்கே போனாலும் கொலை பின்தொடரும் பெண்மணி.

1984 அக்டோபரில் ஒளிபரப்பான இத்தொடரின் தொடக்க கால அத்தியாயம் ஒன்றின் பெயர் 'ஹுரே ஃபார் ஹோமிசைட்'. ஜெஸிகாவின் முதல் நாவலை ஹாலிவுட்டில் படமாக்குகிறார்கள். ஆனால் அவர் எழுதிய கதை அங்கே இல்லை. இளைஞர் கூட்டத்துக்கான மலிவான பேய்ப்படமாக அது மாறியிருக்கிறது. தடுத்து நிறுத்தப் புறப்பட்டுப் போகிறார், தயாரிப்பாளரோடு மோதுகிறார். பிறகு அந்தத் தயாரிப்பாளரே படப்பிடிப்புத் தளத்தில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். சந்தேகம் முதலில் ஜெஸிகாவின் மேல்தான் விழுகிறது. முடிவைச் சொல்லி யாருடைய சுகத்தையும் நாங்கள் கெடுக்கப்போவதில்லை.

இதை வெறும் பொழுதுபோக்காகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம்தான். எனினும் இரண்டு இலக்கிய வகைகளுக்கு இடையிலான வழக்கு ஒன்று இதற்குள் நடப்பதாக எங்களுக்குத் தோன்றியது. 'ஹாலோவீன்' (1978), 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' (1980) ஆகிய படங்களுக்குப் பின் அமெரிக்கத் திரையில் இரத்தம் பெருகிய காலம் அது. இதமான கொலைக்கதை இரத்தத்தைக் காட்டாது. பேய்ப்படத்துக்கோ அதுவே மூலதனம். ஆகவே படப்பிடிப்புத் தளத்தைக் களமாகக் கொள்ளும்போது இதமான கதைக்கு ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. கல்லறை அட்டையால் ஆனது, இரத்தம் சாயத்தால் ஆனது, பேய் சம்பளம் வாங்கும் நடிகர் என்று முதலிலேயே காட்டிவிடலாம். அச்சம் முழுவதும் ஒப்பனைதான். உண்மையில் நடந்தது ஒரு மனிதனின் பேராசையோ பொறாமையோ மட்டுமே. அதையும் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிடலாம். இதம் என்பது இந்த உறுதிமொழிதான்: உங்களில் ஒருவர் மட்டுமே குற்றவாளி, மற்ற அனைவரும் நிரபராதிகள், வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்குங்கள்.

மண்டைக்காட்டையும் அதைச் சுற்றிய ஊர்களையும் சேர்ந்த எங்களுக்கு இந்த உறுதிமொழி சற்று அந்நியமானது. எங்கள் பக்கத்துக் கொலைக்கதைகள் கொடை இரவுகளில் வில்லடித்துச் சொல்லப்படுபவை. இசக்கி கோயிலின் முன்னால் பந்தல், குடம், உடுக்கை, கட்டை, நடுவில் வீசுகோலோடு புலவர். எல்லாம் கண்ணெதிரே நிற்கும் கருவிகள்தாம். எதுவும் மறைவில் இல்லை. கொலை செய்தவன் யார் என்பதும் முதலிலிருந்தே அவைக்குத் தெரியும். ஆயினும் கதை கொலையை நெருங்கும் நேரத்தில் சாமியாடியின் உடல் நடுங்கத் தொடங்கும். கூட்டத்தில் யாரும் அதை நடிப்பு என்று எண்ணுவதில்லை.

நீலி கதையை எடுத்துக்கொள்வோம். நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டோடு எங்கள் பக்கத்தில் பிணைக்கப்பட்ட கதை இது. வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரிலும் இதன் வேறொரு வடிவம் வாழ்கிறது. தன்னை நம்பி வந்த பெண்ணை நகைக்காக ஒருவன் காட்டில் கொல்கிறான். கண்ட சாட்சி கள்ளிச்செடி மட்டுமே. மறுபிறவியில் அவன் வணிகனாக வருகிறான், அவள் நீலியாகப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொப்பு ஒன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன், என்னைக் கைவிட்டான் என்று ஊர்ச்சபையில் முறையிடுகிறாள். அவன் மறுக்கிறான், உயிருக்கு அஞ்சி நடுங்குகிறான். சபை சான்று தேடுகிறது. குழந்தை தாவிப் போய் அவன் மடியில் ஏறிக்கொள்கிறது. அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வேளாளர் எழுபது பேர் வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓரறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் உயிர் துறக்கிறார்கள்.

ஜெஸிகா ஃப்ளெட்சரின் உலகில் இப்படி ஒரு முடிவு நேர முடியாது. அங்கே தடயம் பொய் சொல்லுமானால் அது கொலையாளி வைத்த பொய். கூர்ந்து பார்த்தால் வெளுத்துவிடும். இங்கே தடயத்தைச் செய்தவளே கொலையுண்டவள். அந்தத் தடயத்தை நேர்மையோடு நம்பியவர்களும் சாகிறார்கள். கொன்றவனோடு கணக்கு முடிவதில்லை. தீர்ப்புச் சொன்ன சபையும் அதற்குள் வந்துவிடுகிறது. கொல்லப்பட்டவளை இதமான கதை முதல் காட்சியோடு மறந்துவிடும். எங்கள் ஊர் அவளை மறப்பதில்லை. இசக்கியாக நிறுத்தி, ஆண்டுதோறும் படையல் வைத்து, அவள் கதையை அவள் முன்னாலேயே சொல்லிக் கேட்கிறது.

தமிழ்த் தொலைக்காட்சி ஒருமுறை இந்த இரண்டு உலகங்களையும் சேர்த்துத் தைக்க முயன்றது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் வந்த 'மர்மதேசம்' தொடரின் 'விடாது கருப்பு'. கிராமத்தில் தவறு செய்தவர்கள் அடுத்தடுத்துச் சாகிறார்கள். கொன்றது காவல் தெய்வமான கருப்பசாமியா, கருப்பின் பெயரால் ஒரு மனிதனா? மனத்தின் பிளவை வைத்து அறிவியல் ஒரு விடை தந்தது. ஆனாலும் குதிரைக் குளம்பொலி கேட்ட வீடுகளில் அந்த விடை அச்சத்தை முழுதாக அணைக்கவில்லை. ஜெஸிகா பேய்ப்படத்தின் ஒப்பனையைக் கலைத்துவிட்டு ஊர் திரும்புகிறார். நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் ஒப்பனையைக் கலைத்த பிறகும் முகம் மாறாமல் இருப்பதைக் காட்டினார்கள். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தபோது, அவரை நினைத்தவர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வந்தது அந்தத் தொடர்தான்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கையில், மண்டைக்காட்டைப் பற்றிச் சொல்லாமல் நகர இயலவில்லை. அரபிக்கடலோரம், குளச்சலுக்கு அருகே, வளர்ந்து நிற்கும் புற்றே பகவதியம்மனாக வழிபடப்படும் ஊர். மாசிக் கொடைக்குக் கேரளத்திலிருந்து இருமுடி கட்டிப் பெண்கள் வருவதால் பெண்களின் சபரிமலை என்று பெயர் பெற்றது. அதே கொடையின்போது, 1982 மார்ச் மாதத்தில், இங்கே இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. தீ கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கும் பரவியது. நீதிபதி வேணுகோபால் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்கள் தம் கடமையைச் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவரவருக்கென்று ஒரு குற்றவாளி ஏற்கெனவே இருந்தான். அவன் எப்போதும் அடுத்த ஊர்க்காரனாகவே இருந்தான். யார் முதல் கல்லை எறிந்தது என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்கள் எல்லாம் நீலியின் இடுப்பில் இருந்த குழந்தையைப் போன்றவை. பார்ப்பதற்கு உயிருள்ளவை, உண்மையில் கள்ளிக்கொப்பு.

அந்த நாட்களில் குன்றக்குடி அடிகளார் இங்கே வந்தார். கோயில் பக்கத்தாரிடமும் மீனவர்களிடமும் சென்று சமாதானம் பேசினார். துப்பறியும் கதை வழக்கப்படி அவரும் வெளியூரிலிருந்து வந்தவர்தான். ஆனால் விரல் நீட்டி ஒருவனைக் காட்டுவதற்காக வரவில்லை. அடுத்தடுத்து வாழ்ந்தாக வேண்டியவர்களை மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவைப்பதே அவருடைய வேலையாக இருந்தது.

இதமான கொலைக்கதைகள் மீது எங்களுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மழை இரவுகளில் இனியும் பார்ப்போம். அட்டைக் கல்லறைக்கு நடுவே பிணம் கிடக்க, ஜெஸிகா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு யோசிக்கும்போது எங்களுக்கும் மகிழ்ச்சிதான். மற்ற அனைவரும் நிரபராதிகள் என்று அவர் சொல்லி முடிக்கும் இடத்தில் மட்டும் எழுபது பேரின் நினைவு வருகிறது.