தானா ராத்தாவில் இரண்டு நாள் மழை

ஜப்பானின் கனசாவா நகரத்தில் ஒரு வழக்கு உண்டு: மதியச் சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே. ஜப்பான் கடலைத் தாண்டி வரும் ஈரக்காற்று மழையாகவும் பனியாகவும் அந்த ஊரில் இறங்கிக்கொண்டே இருக்குமாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், சென்ற நவம்பரில் நான் கனசாவாவில் இருந்திருக்க வேண்டும். தனியாக, நான்கு நாள். கென்ரொக்குஎன் தோட்டம், பழைய தேநீர் வீதி, சாமுராய் வீடுகள் இருக்கும் சந்துகள் என்று கைப்பேசியில் ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தேன். யென் விலை இறங்கிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறையாக என் கணக்கில் ஐந்து இலக்கத்தில் பணம் இருந்தது.

அந்த நவம்பரில் நான் போய் இறங்கியது தானா ராத்தா பேருந்து நிலையத்தில். குடையைப் பேருந்திலேயே விட்டுவிட்டேன்.

ஜூன் மாதம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. இருபது வருட இனிப்புநீர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு. அப்பா லாரி ஓட்டியவர். சம்பளத்தை நடைக் கணக்கில் கையில் வாங்கியவர். பெர்கேசோ, இபிஎஃப் என்று எதுவும் அவர் பெயரில் இல்லை. உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டு, அது கிடைக்கும்வரை ஆன செலவு, கையில் ஃபிஸ்டுலா வைத்த செலவு எல்லாம் என் கணக்கிலிருந்துதான் போனது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகள் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு முறை பணம் கட்டும்போதும் என் மனதுக்குள் ஒரு விமான டிக்கெட் கிழிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய், வியாழன், சனி அப்பாவின் நாள்கள். சனிக்கிழமை என் முறை. "ஒரு வாரம் நான் பாத்துக்கிறேன், நீ எங்கயாச்சும் போய்ட்டு வா. உன் மூஞ்சியப் பாக்க முடியல," என்றாள் தங்கச்சி. தானா ராத்தாவுக்குப் போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒரே கேள்விதான்.

"அங்க என்னா இருக்கு பாக்க?"

அவர் அப்படிக் கேட்பதில் நியாயம் உண்டு. நான் பள்ளியில் இருந்தபோது பதினோரு வருடம் கேமரன் மலைக் காய்கறி லாரி ஓட்டியவர். முட்டைக்கோஸ், தக்காளி, சாவிக் கீரை. சாயங்காலம் மேலே ஏற்றினால் நள்ளிரவில் செலாயாங் பாசார் போரோங்கில் இறக்கியாக வேண்டும். எங்கள் ரவாங் வீட்டில் கோஸ் சாப்பிடாத நாளே கிடையாது. பள்ளி விடுமுறையில் எங்களையும் கூட்டிப்போவதாக ஒவ்வொரு வருடமும் சொல்வார். கூட்டிப்போனதில்லை. பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம்.

தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, வளைவுகள்தான். வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்தது 1885இல். மோட்டார் வண்டி ஏறும் சாலை வந்தது 1930களின் தொடக்கத்தில். இடைப்பட்ட காலமெல்லாம் இந்த மலைச்சரிவை வெட்ட முடியுமா என்று யோசிப்பதிலேயே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது என் தொழில் புத்தி. ஸ்கூடாயில் சிவில் பொறியியல் படித்துவிட்டு, பெட்டாலிங் ஜெயாவில் மலைச்சரிவுகளைக் காக்கும் சுவர்களுக்குக் கணக்குப் போடுகிறேன். பக்கத்து இருக்கைச் சிறுவன் பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, நான் சாலையோரத் தடுப்புச் சுவர்களின் துளைகளை எண்ணிக்கொண்டு வந்தேன். மழை நேரத்தில் துளை வழியாகத் தண்ணீர் வடிகிற சுவர் நல்ல சுவர். கொட்டுகிற மழையிலும் துளை காய்ந்திருந்தால்தான் பயப்பட வேண்டும். தண்ணீர் உள்ளே நின்று சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தானா ராத்தா என்றால் மலாயில் சமநிலம். 1,400 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலையாக இருக்கும் இடத்தில், கொஞ்சம் சமமாகக் கிடந்த துண்டுக்கு அந்தப் பெயர். ஒரு பெரிய வீதி, வரிசையாக உணவுக் கடைகள், ஸ்ட்ராபெரி படம் போட்ட தலையணைகள். மத்தியானம் ஒரு மணிக்கு மழை ஆரம்பித்திருந்தது. ஒரு தமிழ்க் கடையில் தோசையும் தே ஓவும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மழை விடும் என்று இரண்டாவது தே ஓ. விடவில்லை. "குடை இல்லையா தம்பி? இது நவம்பர் மழை, இன்னிக்கு விடாது," என்று கல்லாவில் இருந்த அக்கா எட்டு வெள்ளிக்கு ஒரு மழைச்சட்டையை நீட்டினார். வாழைத்தார் உறை போலிருந்தது. போட்டுக்கொண்டேன்.

இங்கே காட்டு நடைபாதைகளுக்கு எண்கள்தான் பெயர். ஊரை ஒட்டியிருக்கும் 4ஆம் எண் பாதை பாரிட் அருவிக்குப் போகும். சின்ன அருவிதான். அன்றைக்கு அது தேத்தண்ணீர் நிறத்தில், பால் ஊற்றிய தே தாரே நிறத்தில், இரைச்சலாக ஓடியது. இந்த மலையில் நதி கலங்குவதற்குக் காரணம் வெறும் மழையில்லை. காடு இருந்தால் மழைநீர் இலையில் தங்கி, வேரில் இறங்கி, மெதுவாக வரும். தேயிலைகூட பரவாயில்லை, செடிகள் நெருங்கி நின்று மண்ணை மூடிவிடும். ஆனால் மலையை வெட்டிப் படியாக்கி பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்களில் விழுகிற தண்ணீர் நேராக ஓடைக்குப் பாயும், வெட்டிய மண்ணையும் அள்ளிக்கொண்டு. அதெல்லாம் கீழே 1963இல் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில் வந்து படிகிறது. தூர்வாரத் தூர்வார வண்டல் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

அருவிப் பாலத்தில் நின்று இதையெல்லாம் நிபுணன் மாதிரி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தப் பிளாஸ்டிக் கூரைகளுக்கு அடியில் விளைந்ததைத்தான் அப்பா இறக்கினார். அந்த நடைக்காசில்தான் என்னைப் படிக்கவைத்தார். நதி கலங்கியதில் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

மணி நான்கு. இந்நேரம் அப்பாவை இயந்திரத்திலிருந்து கழற்றியிருப்பார்கள். அவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லி தண்ணீர்தான். மருந்து விழுங்குவது, ரசம், டீ எல்லாம் அதற்குள். ஒரு போத்தலில் அம்மா டேப் ஒட்டி அளவு குறித்து வைத்திருக்கிறார். தாகமெடுத்தால் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள்வார், அதையும் கணக்கில் எழுத வேண்டும். என் மழைச்சட்டையின் தொப்பியிலிருந்து மட்டும் அதைவிட அதிகமாக வழிந்திருக்கும்.

அன்றிரவு விடுதியின் கூடத்தில் ஒரு ஜப்பானியப் பெரியவர் உட்கார்ந்து கிராஸ்வேர்ட் போட்டுக்கொண்டிருந்தார். ஒசாகாக்காரர், ஓய்வு பெற்றவர். குளிர்காலம் தொடங்கினால் மனைவியோடு இங்கே வந்துவிடுவாராம். அவரைப் போல நிறையப் பேர் கேமரன் மலைக்கு வருகிறார்கள். ஜிம் தாம்சன் கதையைச் சொன்னார். தாய்லாந்துப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர், 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம் இங்குள்ள மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், திரும்பவே இல்லை. எவ்வளவோ தேடியும் ஒரு துணுக்குக்கூடக் கிடைக்கவில்லை. மாட்சுமோட்டோ செய்ச்சோ என்ற துப்பறியும் நாவலாசிரியர் அதை வைத்து ஒரு நாவல் எழுதினார். "அதைப் படித்துத்தான் இந்த ஊர்ப் பெயரே எனக்குத் தெரியும்," என்றார். நான் கனசாவாவுக்குப் போகவிருந்ததைச் சொல்லி, அந்தக் குடை வழக்கையும் சொன்னேன். சத்தமாகச் சிரித்தார். "அங்கே போனாலும் மழைதான், இங்கேயும் மழைதான். ஏன் போகவில்லை?" என்றார். "வேலை," என்றேன். அந்நியரிடம்கூட உண்மையைச் சொல்ல வரவில்லை.

ஞாயிறு காலை மழை கொஞ்சம் ஓய்ந்ததுபோல் இருந்தது. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு டாக்சி பிடித்தேன். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்று. ஓட்டுநர் அங்கிள் இந்த மலையிலேயே, தோட்ட லயத்தில் பிறந்தவராம். "எங்கம்மா காலத்துல கையால கொழுந்து கிள்ளுவாங்க. அப்புறம் கத்திரி வந்துச்சு. இப்ப மெசினு. ஆளு முக்காவாசி பங்களாதேஷ். நம்ம புள்ளைங்க எல்லாம் கீழ எறங்கிட்டாங்க," என்றார். உங்கள் பிள்ளைகள் என்றேன். "மவன் சிங்கப்பூர்ல. நல்லாருக்கான். அவனுக்கு இந்த மலை ஏறுனா வாந்தி வருது."

பிரிஞ்சாங்கைத் தாண்டித் தோட்டத்துக்குள் திரும்பும் சாலை ஒரு வண்டிக்குத்தான் சரியாக இருக்கும். எதிரில் கார் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். மேலே போகப் போக மூடுபனி. தேநீர் மையத்தில் பள்ளத்தாக்குக்கு மேல் நீட்டிக் கட்டிய ஒரு நீண்ட மேடை இருக்கிறது. அங்கிருந்து தெரியும் பச்சை அலைதான் எல்லாப் படங்களிலும் வருவது. அன்றைக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மேடையின் கம்பி வரைக்கும் தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளை. ஒரு குடும்பம் அந்த வெள்ளையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பார்கள். அந்தக் கொழுந்து விளைகிற ஒரு செடியையாவது பார்க்கலாம் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கூப்பிட்டார்.

"எங்கடா இருக்க?"

"சுங்கை பாலாஸ்லப்பா. தேயிலத் தோட்டம்."

"என்னா தெரியுது?"

"ஒன்னும் தெரியல. ஒரே வெள்ளை."

சிரித்தார். "அங்க அப்படித்தான். லைட்ட மேல அடிக்கக்கூடாது, கீழ அடிக்கணும். மேல அடிச்சா பனி திருப்பி நம்ம கண்ணுலயே அடிக்கும். ரெண்டாவது கியர்லயே வரணும். பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்குனா லத்தா இஸ்கந்தார் வர்றதுக்குள்ள சூடாயிடும். அங்கதான் நிறுத்தி மூஞ்சி கழுவுவோம், நானும் கெலின்டானும்." மூச்சு வாங்கினார். "அந்த டீக் கடையில டீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அப்படியும் "அடேங்கப்பா" என்றார்.

"நீங்க இங்க வந்ததில்லையாப்பா?"

"போர்டு பாத்திருக்கேன். பதினோரு வருஷம் பாத்தேன். லாரிய உள்ள விட முடியுமா, நிறுத்த முடியுமா? கோஸு வாடிடும்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, காலநிலை சொல்வதுபோல, "நீ ஜப்பானுக்குப் போவ வேண்டியவன். உன் காச நான் உடம்புல ஏத்திக்கிட்டேன்," என்றார்.

விடுங்கப்பா, அதெல்லாம் ஒன்னுமில்ல என்று சொல்லியிருக்கலாம். அதுதான் வழக்கமான பதில். ஐந்து மாதமாக அவர் முகத்தைப் பார்க்காமல் பில் கட்டிய ஒருவன் அப்படிச் சொன்னால் அது பொய் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"கோவமாத்தான் இருந்துச்சுப்பா," என்றேன்.

"இருக்கும்லா," என்றார். "எனக்கே இருக்கு."

அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவர் இணைப்பைத் துண்டிக்கவுமில்லை. பேருந்தில் முன் இருக்கையாகக் கேட்டு வாங்கு, வாந்தி வராது என்றார். ரிங்லெட் ஏரி இப்போது என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். பழுப்புதான், பார்க்காமலே சொல்லலாம் என்றேன். அவர் காலத்திலும் பழுப்புதானாம்.

அன்று மாலை இறங்கும்போது முன் இருக்கை கிடைத்தது. ஓட்டுநர் விளக்கைக் கீழேதான் அடித்துக்கொண்டு வந்தார். லத்தா இஸ்கந்தாரில் நிற்கவில்லை. அருவியின் இரைச்சல் மட்டும் சன்னலைத் தாண்டிப் போனது. சாலையோரச் சுவர்களின் துளைகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சேரப் பதினொன்று ஆகிவிட்டது. அப்பா தூங்கவில்லை. போத்தலில் 80 மில்லி மிச்சம் வைத்திருந்தார். வாங்கி வந்த தூளில் அந்த 80 மில்லிக்கு, சீனி இல்லாமல், அம்மா ஒரு சின்னக் கோப்பை டீ போட்டார். அப்பா அதை மூன்று மிடறாகப் பிரித்துக் குடித்தார்.

"எப்படிப்பா?"

கோப்பையைச் சாய்த்து அடியைப் பார்த்தார். "இது நம்ம ரவாங் கடையில விக்கிற அதே தூள்தானேடா," என்றார்.