கேற்றைப் பூட்டுவார்களா?



முன்னேஸ்வரத்தில் நாம் நடத்தும் மாதர் குழுவில் பதினாறு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலானோர் போரில் கணவரையோ பிள்ளையையோ இழந்து, உறவினரை நம்பி இப்பக்கம் வந்து குடியிருப்பவர்கள். தையல், கருவாடு, கூலிவேலை என்று வருடம் முழுவதும் ஓடும் இவர்களை இரண்டு நாளாவது வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. வில்பத்து தேசிய பூங்கா எமக்கு அதிக தூரமில்லை. புத்தளம் போய், எலுவன்குளம் வாயிலால் உள்ளே செல்லலாம். "காட்டுக்குள் ஒரு இரவு முகாம் போடுவோம்" என்று கூட்டத்தில் சொன்னேன்.

எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். மூத்தவரான ஒரு அம்மா மட்டும் வாய் திறந்தார்.

"முகாமோ? நான் வரமாட்டன் பிள்ளை. இருந்தது காணும்."

அவர் 2009இல் வன்னியிலிருந்து வெளியேறி நலன்புரி முகாமில் இருந்தவர். அந்த வருடம் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அவ்வாறு முகாம்களில் வைக்கப்பட்டிருந்தார்கள். மிகப் பெரியதான மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. சமூகவியல் படித்த நான் இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், அந்தச் சொல்லை யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே என்னிடம் வந்தார். "போறதெண்டா நாலு விஷயம் கேட்டுச் சொல்லுங்கோ. கேற்றைப் பூட்டுவாங்களோ? தண்ணிக்கு லைனில நிக்கோணுமோ? கக்கூஸ் எவ்வளவு தூரம்? இரவில வெளிச்சம் இருக்குமோ?"

அந்த நான்கு கேள்விகளையும் வைத்துக்கொண்டுதான் நான் இடங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் வில்பத்து. 1938இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட, நாட்டின் மிகப் பெரிய பூங்கா அது. பரப்பளவு ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர். வில்லு என்று சொல்லப்படும் இயற்கை நீர்நிலைகள் நிறைந்தது. அல்லி அரசாண்ட இடமென்று எம்மவர் கதை சொல்லும் குதிரைமலையும் அதன் கடலோரத்தில்தான் இருக்கிறது. "கண்ணிவெடி இருக்குமா மிஸ்?" என்று ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. போரினால் நீண்டகாலம் மூடிக் கிடந்து 2003இல் திறக்கப்பட்ட பூங்கா அது. 2006 மே மாதம் அங்கே கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கியது. எழுத்தாளர் நிஹால் டி சில்வாவும் அவருடன் சென்றவர்களும் உயிரிழந்தார்கள். தமிழ்ப் பெண்ணொருத்தியும் இராணுவ அதிகாரியொருவரும் அதே காட்டுவழியால் தப்பிச் செல்வதைக் கதையாக எழுதியவர் அவர். மீண்டும் மூடப்பட்ட பூங்கா 2010இல் திறக்கப்பட்டது. பார்க்கச் செல்பவர்கள் திறந்துள்ள பாதைகளில் வாகனத்திலேயே போகவேண்டும். நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

அங்கே தங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வனஜீவராசிகள் திணைக்களத்தின் பங்களா. கூரை, கட்டில், மலசலகூடம், பார்த்துக்கொள்ள ஒரு பணியாளர் என்று வசதி இருக்கும். சாமான்களை நாம் கொண்டுபோக வேண்டும். முன்கூட்டியே பதிந்து பணமும் கட்டவேண்டும். எங்கள் பதினாறு பேருக்கும் அந்தச் செலவு கட்டாது. மற்றது கூடாரம் போடும் இடம். ஆற்றங்கரை, மரநிழல், அமைதி எல்லாம் கிடைக்கும். ஆனால் கூடாரம், குடிதண்ணீர், விளக்கு எல்லாவற்றையும் நாமே சுமக்க வேண்டும். இருட்டிய பிறகு மிருகங்களுக்குப் பயந்து கூடாரத்தை விட்டு அசைய முடியாது. பட்டணத்தவர்களுக்கு இது விடுமுறை இன்பம். தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில் படுத்தவருக்கு அப்படியிருக்குமா?

அடுத்து கதிர்காமப் பாதயாத்திரை. எமது ஏழைப் பெண்கள் தேசிய பூங்காவுக்குள் உண்மையாகவே தங்குவது அந்த யாத்திரையில்தான். உகந்தையில் காட்டுவழி திறக்கப்பட்டதும் குமண, யால காடுகளுக்கூடாகப் பல நாட்கள் நடக்கிறார்கள். நாவலடி, வியாழை போன்ற இடங்களில் மரத்தடியில் படுக்கிறார்கள். வழியில் தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. மறைவிடத்துக்குக் காட்டைத்தான் நம்பவேண்டும். வசதி மிகக் குறைவு. இருந்தும் அங்கே போய்வந்த பெண்கள் யாரும் அதைத் துன்பமென்று என்னிடம் சொன்னதில்லை. தாமாக விரும்பிப் போனது, கூட்டமாகப் போனது, முடிந்ததும் வீடு திரும்பியது. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஆனபடியால் வசதி முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. அனர்த்த காலத் தங்குமிடங்களுக்கு 'ஸ்பியர்' என்ற சர்வதேசக் குறைந்தபட்ச நியமங்கள் உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். இருபது பேருக்கு ஒரு மலசலகூடம் வேண்டும். அது தங்கும் இடத்திலிருந்து 50 மீற்றருக்கு மேற்படக் கூடாது. உள்ளே கொண்டி இருக்கவேண்டும், இரவில் வெளிச்சம் இருக்கவேண்டும். பெரிய அறிஞர்கள் கூடி எழுதியதும் அந்த அம்மா கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவர் முதலில் கேட்ட கேற்றைப் பற்றிய கேள்வியை மட்டும் மீற்றரால் அளக்க முடியாது.

கடைசியில் எல்லோரும் கூடி முடிவெடுத்தோம். வில்பத்துக்குப் பகலில் மட்டும் போய்வருவது, இரவு கற்பிட்டிப் பக்கம் தலவிலவில் தங்குவது. புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு வருபவர்கள் கொட்டில் போட்டுத் தங்கும் இடம் அது. நாங்கள் திருவிழா இல்லாத நாளில் போய், யாத்திரிகருக்கான அறைகளில் தங்கினோம். முன்னேஸ்வரத்தில் வடிவாம்பிகை அம்மனைக் கும்பிடச் சிங்களச் சகோதரிகள் வருவதுபோல, அன்னம்மாளிடம் எமது சைவப் பெண்களும் போவது இக்கரையில் வழமைதான்.

காட்டில் மானும் மயிலும் கண்டோம். வில்லுக் கரையில் ஒரு யானையும் நின்றது. ஆனால் என் மனதில் நிற்பது அடுத்த நாள் காலை. அந்த அம்மா தேநீர்க் கோப்பையுடன் என்னருகில் வந்து இருந்தார்.

"ராத்திரி நித்திரை வரேல்ல பிள்ளை. எழும்பிக் கதவைத் திறந்துகொண்டு கடற்கரை மட்டும் போய் நிண்டிட்டு வந்தன். எங்க போறாயெண்டு ஒருத்தரும் கேக்கேல்ல."

சகோதரிகளே, பயிற்சிக்கோ யாத்திரைக்கோ சுற்றுலாவுக்கோ, எந்த நிறுவனம் உங்களை வெளியிடத்தில் தங்க அழைத்தாலும் இந்த நான்கு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். பதில் சொல்வது எங்களைப் போன்றவர்களின் கடமை. நானும் இப்போது எந்த ஒழுங்கைச் செய்வதற்கு முன்னரும் முதலில் கேற்றைப் பற்றித்தான் விசாரிக்கிறேன்.