மணிக்கட்டில் ஒரு மறுமொழி

நுழையும்முன்

ஓலையும் அஞ்சலட்டையும் தந்தியும் சுமந்த சொற்களை இன்று மணிக்கட்டில் கட்டிய கருவி சுமக்கிறது. கருவி சிறுத்துவிட்டது, காத்திருக்கும் காலமும் சுருங்கிவிட்டது. அவற்றோடு உறவின் மொழியும் சுருங்கத்தான் வேண்டுமா?

எதிரில் நிற்பவருக்குத் தலையசைப்பே மறுமொழியாகிவிடும். தொலைவில் இருப்பவருக்கோ சொல் வேண்டும். அச்சொல்லைக் கொண்டுசேர்க்கக் கருவி வேண்டும். கருவியின் அளவும் கட்டணமும் சொல்லின் அளவை எக்காலத்தும் வரையறுத்தே வந்துள்ளன.

எண்ணி எழுதிய காலம்

தந்திக்குச் சொற்கணக்கில் கட்டணம் வாங்கப்பட்டது. ஆதலால் மக்கள் சொற்களை எண்ணி எழுதினர். திருமணம், பிறந்தநாள், தீபாவளி, ரம்சான் முதலிய வாழ்த்துகளுக்கு இந்தியத் தந்தித்துறை ஆயத்தத் தொடர்களை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்திருந்தது. அனுப்புபவர் எண்ணைக் குறித்தால் போதும். பெறுபவர் கையில் முழுத்தொடரும் சேரும். 2013 ஜூலையில் அச்சேவை நிறைவுற்றது. எனினும், ஆயத்த மறுமொழி என்னும் எண்ணம் மறையவில்லை.

1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர் கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தொன்றை அனுப்பினார். அதுவே உலகின் முதல் குறுஞ்செய்தி. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறியில் எழுதப்படும் தமிழுக்கோ 70 குறியீடுகளே இடமுண்டு. அதிலும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கிடப்படும். ‘வணக்கம்’ என்பது நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கருவிக்கு ஏழு குறியீடு.

கைக்கடிகாரம் பேசுகிறது

இன்றைய திறன்கடிகாரத்தின் திரை ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரியது. அதில் எழுத நான்கு வழிகள் உண்டு. குரலால் சொல்லலாம், விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தீட்டலாம், சிறு விசைப்பலகையில் தட்டலாம், கருவி முன்வைக்கும் ஆயத்தத் தொடர்களுள் ஒன்றைத் தொடலாம். நான்காம் வழியே எளிது. ஆதலால் அதுவே பெரிதும் கைகொடுக்கிறது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. கூட்டம் நிறைந்த பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பற்றி நிற்பவர், ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என ஒரே தொடுகையில் வீட்டாரின் கவலையைத் தீர்க்கிறார். செவித்திறன் குறைந்தோர்க்கும் அழைப்பை ஏற்கவியலாத பணியில் இருப்போர்க்கும் இது நற்றுணை. ஆயினும் வண்டி ஓட்டும்போது இச்சிறு தொடுகையும் கூடாது. கடிகாரத்தை நோக்கும் கண் சாலையை நோக்காது.

பொறி தேர்ந்த சொல்

கூகுள் நிறுவனம் 2015இல் மின்னஞ்சலுக்குத் தானே மறுமொழி பரிந்துரைக்கும் வசதியை அறிமுகம் செய்தது. அதன் சோதனை வடிவம், எவ்வகைச் செய்தி வந்தாலும் ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடரை அடிக்கடி முன்வைத்ததாம். மக்கள் மிகுதியாக எழுதும் தொடர்களையே பொறி நம்பகமான விடையாகக் கருதியது அதற்குக் காரணம். அக்குறை பின்னர்க் களையப்பட்டது. எனினும் அந்நிகழ்வு ஓர் உண்மையைக் காட்டுகிறது: எது மிகுதியாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறி அறியும், எது இவரிடம் இப்போது சொல்லத்தக்கது என்பதை மனிதரே அறிவர்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘வா’, ‘வாருங்கள்’ என்னும் இரண்டும் அழைப்பே. தோழனுக்கு உரியது ஆசிரியருக்கு ஆகாது. தம்பியிடம் ‘நீ’ என்றும் தாத்தாவிடம் ‘நீங்கள்’ என்றும் சொல்லும் மொழியில், எல்லார்க்கும் பொருந்தும் ஒரே ஆயத்தத் தொடரை ஆக்குதல் அரிது. வினைமுற்றின் இறுதியிலேயே உறவு உறைகிறது.

அழகும் குற்றமும்

நூலுக்குரிய அழகுகள் பத்து எனக் கூறும் நன்னூல், சுருங்கச் சொல்லுதலை அவற்றுள் முதலில் வைக்கிறது. பத்துக் குற்றங்களுள் முதலில் வைப்பது குன்றக் கூறலை. சுருக்கம் அழகு, குறைபாடு குற்றம். இரண்டுக்கும் இடையே மெல்லிய கோடுதான் உண்டு. ‘கூட்டம் நான்கு மணிக்கு’ என்ற செய்திக்குச் ‘சரி’ என்பது சுருக்கம். ‘அப்பாவுக்கு உடல்நலம் சரியில்லை’ என்ற செய்திக்கும் அதே ‘சரி’ சென்றால் அது குன்றக் கூறல். சொல் மாறவில்லை, கேட்டவர் நெஞ்சம் மாறியது.

தேர்வில் தோற்ற நண்பனுக்கும், துயரில் இருக்கும் உறவினருக்கும், ‘சாப்பிட்டாயா?’ என்று நாள்தோறும் கேட்கும் தாய்க்கும் பட்டியலில் விடை இராது. அவர்க்குரிய சொல்லை அனுப்புபவரே ஆக்க வேண்டும். அதற்கு நேரம் வாய்க்காதபோது, ‘பிறகு அழைக்கிறேன்’ என்னும் ஆயத்தத் தொடர் தக்க பாலமாகும். ஆனால் அத்தொடரை எழுதியது கருவியாயினும், வாக்குக் கொடுத்தவர் அதனைத் தொட்டவரே. மாலையில் அவ்வழைப்பு சென்றால்தான் காலையில் அனுப்பிய மறுமொழி முழுமை பெறும்.