ஒலிக்காத கல்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் கல்லறைப் பலகைகள்தான். சலவைக்கல்லில் பெயர், பிறப்பு, இறப்பு, மேலே ஒரு சிலுவை. அழுக்கேறிய பழைய பலகை வந்தால் முதலில் ஒரு வாளி தண்ணீர். அந்தப் பழக்கத்தில்தான் பிழைவிட்டேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு பறங்கி அம்மா கொண்டுவந்த கல்தட்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. உயிர்த்தெழும் இயேசு, கீழே உருண்டு கிடக்கும் காவலர். "தம்பி, பாத்துத் துடைச்சுத் தாங்கோ." ஒரு காவலனின் அங்கி ஓரத்தை ஈரத் துணியால் ஒரே தடவை தேய்த்தேன். துணியில் பொன் ஒட்டியிருந்தது.

அது சலவைக்கல் இல்லை, அலபாஸ்டர். ஜிப்சத்தின் ஒரு வகை; நகம் பட்டாலே கீறல் விழும். ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். பொன்னைப் பிடித்திருந்ததும் வெறும் பசைதான். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள மெக்கலன் நகரத்துப் பட்டறைகள் 16ஆம் நூற்றாண்டில் இத்தகைய தட்டுகளை விற்பனைக்கென்றே செதுக்கித் தள்ளின. அச்சுப் படத்தைப் பார்த்து, அதே காட்சியைத் திரும்பத் திரும்ப. எங்கள் சிலுவைகளைப் போலத்தான். கை நல்லதென்றால் காவலனுக்கு முகம் இருக்கும்; அவசரமென்றால் தொப்பி மட்டும்.

எங்கள் தொழிலில் காதுதான் முதல் குரு. கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோவில் தூண்களைப் பாருங்கள். அத்தகைய கல்லை உளி தொட்டால் மணிபோல ஒலிக்கும். ஒலி மழுங்கினால் உள்ளே வெடிப்பு என்று கை தானாக நின்றுவிடும். அலபாஸ்டரிடம் அந்தக் குரல் இல்லை. அதில் சுத்தியலை ஓங்கும் வேலையும் குறைவு. கத்தியாலும் அரத்தாலும் மரத்தைப்போல் சுரண்டுவது. எவ்வளவு மிச்சம் என்பதை வெளிச்சம்தான் சொல்லும். பல்புக்கு முன் பிடித்தபோது இயேசுவின் பின்னால் கல் மெலிந்து தேன்நிறமாய் ஒளிர்ந்தது. செதுக்கியவன் அங்கேதான் மூச்சைப் பிடித்திருப்பான்.

மிச்ச அழுக்கைப் பஞ்சில் எச்சில் தொட்டு எடுத்தேன், ஒரு பஞ்சு ஒரு தடவைக்கு மேல் இல்லாமல். பொன் தெரிந்த இடத்துக்குப் போகவே இல்லை. கோவில் கல்லில் இந்த வேலையைச் செய்திருந்தால் அப்பா கையை ஒடித்திருப்பார்.

கொடுக்கும்போது பொன் போன ஓரத்தைக் காட்டிச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"எங்கை மாட்டுறது?"

"கடல் பக்கச் சுவரிலை மட்டும் வேண்டாம்."